‘புதிதாக ஒன்றும் வரவில்லை’: தொலைக் களஞ்சியம் தரும் பதிலை எதுவரை நம்பலாம்?

பெங்களூரின் பெரிய நிறுவனங்களில் சர்வர்களைக் கவனித்துக்கொள்வதற்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தமிழர்கள் நடத்தும் சிறிய ஆடிட்டர் அலுவலகம், அச்சகம், பயிற்சி மையம் போன்ற இடங்களில் நிலைமை வேறு. அங்கே மேசைக்கடியில் ஒரு கணினி ஓடிக்கொண்டிருக்கும். பில் போடுவதற்கோ ஆவணங்களைச் சேமிப்பதற்கோ ஒரு கட்டற்ற மென்பொருள், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து நேரடியாக இறக்கி அதில் நிறுவப்பட்டிருக்கும். நிறுவிக் கொடுத்தவர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் சொந்தக்காரப் பையனாக இருப்பார். அவர் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும்போது, “தம்பி, எல்லாம் லேட்டஸ்ட்தானே?” என்று உரிமையாளர் கேட்பார். அவரும் ஒரு கட்டளையை அடித்துப் பார்த்துவிட்டு, “ஆமாம் மாமா, புதுசா ஒண்ணும் வரலை” என்பார்.

இந்தப் பதில் எப்படிக் கிடைக்கிறது, எந்தெந்த வழிகளில் அது பொய்யாகலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். ‘புதிய பதிப்பு வந்திருக்கிறது’ என்ற செய்தி தவறாக வந்தால் உடனே தெரிந்துவிடும். நிறுவப் போனால் ஒன்றும் இருக்காது. ‘வரவில்லை’ என்பது தவறாக வந்தால் அதைக் காட்டிக்கொடுக்க எதுவுமே இல்லை. சரிபார்ப்பு நிரல் எழுதுவோரில் பெரும்பாலோர் முதல் பதிலுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட இரண்டாவதற்குக் கொடுப்பதில்லை என்பது என் எண்ணம்.

லினக்ஸ் கெர்னல் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் எழுதிய கிட், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி; ஒவ்வொருவரிடமும் களஞ்சியத்தின், அதாவது நிரலும் அதன் மாற்ற வரலாறும் சேர்ந்த தொகுப்பின், முழுப் பிரதியே இருக்க வேண்டும் என்ற அடிப்படையில் அமைந்தது. ஆகவே அதன் கட்டளைகளில் மிகப் பல இணையத்தைத் தொடுவதே இல்லை. ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்ற கட்டளையும் அவற்றில் ஒன்று. உங்கள் கிளை (நிரல் வளரும் ஒரு பாதை) ‘ஆரிஜின்/மெயின்’ என்பதோடு ஒத்திருக்கிறது என்று அது ஒரு வரி காட்டும். அதைப் படிப்பவர், கட்டளை இப்போதுதான் கிட்ஹப்புக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தது என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் ‘ஆரிஜின்/மெயின்’ என்பது தொலைவில் இருக்கும் கிளை அன்று. கடைசியாக விசாரித்தபோது அந்தக் கிளை எந்த இடத்தில் இருந்தது என்று நம் கணினியே எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு மட்டுமே. இணையத்தைத் துண்டித்துவிட்டு அதே கட்டளையை அடித்தாலும் அதே வரி வரும்; ஆறு மாதமாக எதையும் விசாரிக்காத கணினியிலும் வரும். தபால் வந்திருக்கிறதா என்று கேட்டால், கீழே போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் போன மாதத்து நோட்டைப் புரட்டிப் பதில் சொல்லும் அபார்ட்மென்ட் காவலாளியின் வேலைதான் இது.

உண்மையில் விசாரிப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ‘கிட் ஃபெட்ச்’ தொலைவிலிருந்து புதிய கமிட்டுகளை (பதிவு செய்யப்பட்ட மாற்றங்களை) கொண்டுவந்து மேற்சொன்ன குறிப்பைத் திருத்தும். நாம் இயக்கிக்கொண்டிருக்கும் கோப்புகளைத் தொடாது. அதன்பிறகு நம் நிலைக்கும் அந்தக் குறிப்புக்கும் நடுவே எத்தனை கமிட்டுகள் உள்ளன என்று எண்ணச் சொன்னால் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பது தெரியும். ‘கிட் எல்எஸ்-ரிமோட்’ என்பது இன்னும் சிக்கனமானது. அது எதையும் கொண்டுவராது. தொலைக் களஞ்சியத்தின் கிளைகளும் டேக்குகளும் (பதிப்புகளுக்கு இடும் பெயர்ச்சீட்டுகளும்) இந்த நொடியில் எந்தக் கமிட்டைச் சுட்டுகின்றன என்பதை, வரிக்கு ஒரு 40 எழுத்து ஹேஷும் (கமிட்டின் அடையாளக் குறியும்) ஒரு பெயருமாக அச்சிட்டுவிட்டு நின்றுவிடும். நம்மிடம் உள்ள ஹேஷும் அதுவும் ஒன்றா வேறா என்று ஒப்பிட இது போதும். ஆனால் ‘வேறு’ என்பதற்கு மேல் அதனால் எதுவும் சொல்ல முடியாது. நாம் பின்தங்கியிருக்கிறோமா, உள்ளூரில் யாரோ எதையோ திருத்தியதால் நாம் விலகிப் போயிருக்கிறோமா என்பதை அறிய வேண்டுமானால் கமிட்டுகள் கைக்கு வந்தாக வேண்டும்.

இந்த ஒப்பீட்டைத் தினமும் தானாக நடக்கவைக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் தொடர்) எழுதி, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானில் போட்டுவிடுவதுதான் வழக்கம். பழுது பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. எல்எஸ்-ரிமோட் தரும் வரியிலிருந்து ஹேஷை மட்டும் பிரித்தெடுக்க, அதன் வெளியீட்டை ஒரு பைப் வழியாக ‘கட்’ என்ற கட்டளைக்கு அனுப்புவார்கள். இணையம் இல்லாவிட்டால் எல்எஸ்-ரிமோட் 128 என்ற பிழை எண்ணோடு முடியும். ஆனால் பைப்பில் கடைசியாக நிற்கும் கட்டளையின் முடிவைத்தான் ஷெல் கணக்கில் கொள்ளும் என்பதால், வெற்றுச் சரத்தைச் சமர்த்தாக வெட்டி முடித்த ‘கட்’ வெற்றி என்று அறிவித்துவிடும். அடுத்த வரியில், ‘கிடைத்த ஹேஷ் காலியாக இல்லாமலும் நம்முடையதிலிருந்து வேறுபட்டும் இருந்தால் அறிவிப்பு அனுப்பு, இல்லையேல் புதிதாக ஒன்றுமில்லை என்று பதிவு செய்’ என்று எழுதியிருக்கும். இணையம் அறுந்த இரவுகள் எல்லாம் ‘புதிதாக ஒன்றுமில்லை’ என்ற கணக்கில் சேர்ந்துகொள்ளும். பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று காட்டும் ‘பைப்ஃபெயில்’ என்ற அமைப்பை ஸ்கிரிப்ட்டின் தலையில் இயக்கிவைத்து, அந்த முடிவையும் சரிபார்த்தால் இந்த ஓட்டை அடைபடும். அதைவிட நல்லது, பதில்களை இரண்டாக இல்லாமல் மூன்றாக வைத்துக்கொள்வது: வந்திருக்கிறது, வரவில்லை, கேட்க முடியவில்லை.

கேட்க முடியாமல் போவதற்கான காரணங்கள் இணையத்தோடு முடிவதில்லை. பொதுவில் இருந்த ஒரு களஞ்சியத்தை அதன் உரிமையாளர் நீக்கிவிட்டாலோ தனிப்பட்டதாக மாற்றிவிட்டாலோ, எச்டிடிபிஎஸ் வழியாகக் கேட்கும் கிட்டிடம் கிட்ஹப் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் தனிப்பட்ட களஞ்சியங்களின் இருப்பு வெளியே தெரிந்துவிடும் என்பதால் பயனர்பெயரைக் கேட்கும். முனையத்தின் முன்னால் ஆள் இருந்தால் விழிப்பார்; ஆளில்லாத ஸ்கிரிப்ட் தோற்றுப்போகும் அல்லது பதிலுக்குக் காத்துக்கொண்டே கிடக்கும். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து, வேறொரு பயனருக்குச் சொந்தமான அடைவில் இயங்க கிட் மறுக்கிறது. பாதுகாப்புக்காகச் செய்த நல்ல மாற்றம்தான், ஆனால் மென்பொருள் ஒரு பயனரின் பெயரிலும் சரிபார்ப்பு இன்னொரு பயனரின் பெயரிலும் ஓடிய இடங்களில் அதுவரை வேலை செய்த ஏற்பாடு ஒரே அப்டேட்டில் படுத்துவிட்டது. 2023 மார்ச்சில் கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ எஸ்எஸ்எச் சாவி (இணைய வருபவருக்குச் சர்வர் தன்னை நிரூபிக்கும் சாவி) ஒரு பொதுக் களஞ்சியத்தில் சிறிது நேரம் வெளிப்பட்டுவிட்டதால் அதை மாற்றியது. பழைய சாவியை நினைவில் வைத்திருந்த கணினிகள் எல்லாம், யாரோ நடுவில் புகுந்துவிட்டார்கள் என்று சந்தேகித்து, முறைப்படியே, இணைய மறுத்தன. யாராவது கையால் புதிய சாவியைச் சேர்க்கும் வரை அவற்றின் சரிபார்ப்பு நின்றே கிடந்தது.

இவையெல்லாம் பிழைச்செய்தியாவது தருகின்றன. பிழையே காட்டாமல் ஏமாற்றுவது கிளைப்பெயர் மாற்றம். 2020 அக்டோபரிலிருந்து கிட்ஹப்பில் தொடங்கும் புதிய களஞ்சியங்களின் முதன்மைக் கிளை ‘மாஸ்டர்’ என்பதற்குப் பதிலாக ‘மெயின்’ என்று வரலாயிற்று. பழைய திட்டங்கள் பலவும் அடுத்தடுத்து அப்படியே மாற்றிக்கொண்டன. மாற்றியவர்கள் பழைய கிளையை நீக்கியிருந்தால் எல்எஸ்-ரிமோட் பிழை காட்டாமல் வெற்றுப் பதிலே தரும்; வெற்றுப் பதிலையும் ‘கேட்க முடியவில்லை’ என்று கொள்ளும் ஸ்கிரிப்ட்டாக இருந்தால் நமக்குத் தெரிந்துவிடும். நீக்காமல் அப்படியே விட்டுவைத்திருந்தால், யாரும் எழுதாத அந்தக் கிளையைத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு, ‘ஒத்திருக்கிறது’ என்று நம் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டேயிருக்கும். அது சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கிளைப்பெயரை ஸ்கிரிப்ட்டில் நிரந்தரமாக எழுதாமல், தொலைக் களஞ்சியத்தின் ‘ஹெட்’ எந்தக் கிளையைச் சுட்டுகிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வது நல்லது.

பெங்களூர் அலுவலகங்களுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. கிட்ஹப்பின் ஏபிஐயை (நிரல்கள் கேள்வி கேட்பதற்கான வாசலை) அடையாளம் காட்டாமல் அணுகினால் ஓர் ஐபி முகவரிக்கு மணிக்கு 60 கோரிக்கைகள் மட்டுமே. வீட்டிலிருக்கும் ஒருவருக்கு அது தாராளம். ஒயிட்ஃபீல்டிலோ வெளிவட்டச் சாலையிலோ உள்ள ஒரு தொழில்நுட்ப வளாகத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார்கள்; அத்தனை பேருடைய கருவிகளும் காலை பத்து மணிக்குக் கணினியைத் திறந்ததும் புதிய பதிப்பு உண்டா என்று கேட்கத் தொடங்கினால், அந்த 60 சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதன்பின் கேட்பவருக்கு மறுப்புதான் கிடைக்கும். பல கருவிகள் அந்த மறுப்பை ‘புதிதாக ஒன்றுமில்லை’ என்று விழுங்கிவிடும். வீட்டில் இருந்தபோது அப்டேட் காட்டிய கருவி அலுவலகத்தில் மௌனமாக இருப்பதற்கு இது ஒரு பொதுவான காரணம். டோக்கன் (அடையாளச் சாவி) ஒன்றைக் கொடுத்து அடையாளம் காட்டினால் வரம்பு மணிக்கு 5,000 ஆகும். முன்பு கிடைத்த பதிலின் ஈடேக் குறியீட்டையும் சேர்த்து அனுப்பினால், எதுவும் மாறாதபோது 304 என்ற உள்ளடக்கமற்ற பதில் வரும். டோக்கனோடு கேட்கும்போது அது வரம்பில் கழிக்கப்படுவதுமில்லை. ‘மாறவில்லை’ என்பதைச் சர்வரே தன் வாயால் சொல்வதால், இந்த 304-ஐத் தயக்கமில்லாமல் நம்பலாம். எல்எஸ்-ரிமோட் கிட்டின் சொந்த நெறிமுறையில் பேசுவதால் ஏபிஐ கணக்கிலேயே வராது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எதைப் புதிய பதிப்பு என்று கொள்வது என்ற கேள்வி இவற்றுக்கு அடுத்தது. முதன்மைக் கிளையில் வரும் ஒவ்வொரு கமிட்டும் வெளியீடு ஆகாது; பாதி முடிந்த வேலையும் அங்கே கிடக்கும். எனவே அலுவலகப் பயன்பாட்டுக்கு டேக்குகளைப் பார்ப்பதே முறை. அதிலும் இடறல்கள் உண்டு. எழுத்து வரிசையில் அடுக்கினால் 1.10 என்பது 1.9-க்கு முன்னால் வந்து நிற்கும், 1.9 வைத்திருப்பவரிடம் ‘நீங்கள்தான் கடைசி’ என்று ஸ்கிரிப்ட் சொல்லிவிடும். கிட்டிலேயே உள்ள பதிப்பெண் வரிசையைப் பயன்படுத்தினால் இது சரியாகும், ஆனால் அது எதுவும் சொல்லாவிட்டால் 1.0-ஆர்சி1 என்ற முன்னோட்டத்தை 1.0-க்குப் பின்னால் வைக்கும். ஏபிஐயில் ‘கடைசி வெளியீடு’ எது என்று கேட்பது எளிது; அது முன்னோட்டங்களைத் தானே ஒதுக்கிவிடும். டேக் மட்டும் இட்டு, கிட்ஹப்பில் வெளியீடு என்று தனியாக அறிவிக்காத திட்டங்களுக்கோ அது 404 என்று கையை விரிக்கும். அந்த 404-உம் ‘ஒன்றுமில்லை’ ஆகிவிடுவதைப் பல கருவிகளில் பார்க்கலாம்.

டேக் என்பது கல்வெட்டு என்று பலரும் நினைக்கிறார்கள். களஞ்சியத்தில் எழுதும் உரிமை உள்ள எவரும் அதைப் பெயர்த்து வேறொரு கமிட்டின் மேல் நட்டுவிட முடியும். 2025 மார்ச்சில் ‘டிஜே-ஆக்‌ஷன்ஸ்/சேஞ்ச்டு-ஃபைல்ஸ்’ என்ற, 23,000-க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் தானியங்கிப் பணிகளுக்குப் பயன்படுத்திவந்த கிட்ஹப் ஆக்‌ஷனில் நடந்தது இதுதான். உள்ளே புகுந்தவர்கள் அதன் பழைய பதிப்பு டேக்குகளை எல்லாம், இரகசியச் சாவிகளைப் பதிவேட்டில் அச்சிடும் ஒரே தீய கமிட்டின் பக்கம் திருப்பிவிட்டார்கள். டேக்கின் பெயரை மட்டும் ஒப்பிட்டவர்களுக்கு அன்று எதுவும் மாறவில்லை. கமிட்டின் ஹேஷைக் குறித்துவைத்து அதையே பயன்படுத்தியவர்களை அது தொடவில்லை. ஆகவே சரிபார்ப்பு, ‘புதிய பெயர் வந்ததா’ என்பதோடு ‘பழைய பெயர் இன்னும் பழைய ஹேஷைத்தான் சுட்டுகிறதா’ என்பதையும் கேட்க வேண்டும். 2.20 பதிப்பு முதல், டேக்குகளையும் கேட்டு ஃபெட்ச் செய்யும்போது, நம்மிடம் உள்ள டேக் தொலைவில் இடம் மாறியிருந்தால் கிட் அதை மாற்றி எழுத மறுத்துப் பிழை காட்டும். அந்தப் பிழையைத் தொந்தரவு என்று நினைத்து ‘ஃபோர்ஸ்’ கொடுத்துத் தள்ளிவிடுவதுதான் நம் வழக்கம்; அது தவறு.

இந்தச் சிக்கல்களையெல்லாம் முன்பே யோசித்தவர்கள் லினக்ஸ் வழங்கல்களின் பொதிக் களஞ்சியங்களை (நிறுவத் தயாரான மென்பொருள்களின் கிடங்குகளை) அமைத்தவர்கள். டெபியன், உபுண்டு பயன்படுத்துவோர் ‘ஆப்ட் அப்டேட்’, ‘ஆப்ட் அப்கிரேட்’ என்று இரண்டு கட்டளைகளை அடிப்பார்கள். முதலாவது பட்டியலைப் புதுப்பிக்கும், இரண்டாவதுதான் நிறுவும். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் அடித்தால் பழைய பட்டியலைப் பார்த்து ‘எல்லாம் புதியவை’ என்று அதுவும் சொல்லும். ஆனால் அந்தப் பட்டியலுக்குக் களஞ்சியத்தின் மின்கையொப்பம் உண்டு. ஒவ்வொரு கோப்பின் ஹேஷும் அதில் இருக்கும். டெபியனின் பாதுகாப்புக் களஞ்சியத்தைப் போன்றவற்றில் ‘இந்தத் தேதி வரைதான் செல்லும்’ என்ற காலாவதியும் இருக்கும்.

இந்தக் காலாவதி ஏன் என்பதை விளக்கினால் முழுப் பிரச்சினையும் விளங்கும். நடுவில் இருக்கும் ஒருவர் கையொப்பத்தைப் போலியாகப் போட முடியாது. ஆனால் போன மாதத்துப் பட்டியலை, அதற்குரிய அசல் கையொப்பத்தோடு, நாள்தோறும் நமக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க முடியும். சரிபார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், ஓட்டையுள்ள பழைய பதிப்போ நம் கணினியில் உறைந்து நிற்கும். பொதி மேலாளர்களின் மேல் இத்தகைய தாக்குதல்கள் சாத்தியம் என்பதை ஜஸ்டின் கேப்போஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அதையொட்டி வளர்ந்த ‘டியூஎஃப்’ என்ற கட்டமைப்பு இதை ‘உறையவைக்கும் தாக்குதல்’ என்றே பெயரிட்டு, காலாவதியுள்ள கையொப்பங்களால் தடுக்கிறது. கிட்டின் எல்எஸ்-ரிமோட் பதிலில் இப்படியொரு தேதி கிடையாது. நாம் பேசும் சர்வர் உண்மையானது என்பதற்கு எச்டிடிபிஎஸ் அல்லது எஸ்எஸ்எச் உத்தரவாதம் தரும். அது நேற்றைய நிலையைச் சொல்கிறதா இன்றைய நிலையையா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. பல நிறுவனங்கள் தங்கள் வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்கும் மிரர் (நகல்) களஞ்சியங்களில் இது தாக்குதல் இல்லாமலே நடக்கிறது. மிரரைப் புதுப்பிக்கும் பணி நின்றுபோன அன்றிலிருந்து, அதைக் கேட்கும் அத்தனை கணினிகளும் ஒன்றுபோல ‘எல்லாம் புதியவை’ என்கின்றன.

அறியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸின் கதை போதும். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற கட்டமைப்பில் இருந்த ஓட்டைக்கான திருத்தம் 2017 மார்ச் 7-ஆம் தேதி வெளியாயிற்று. நிறுவனத்துக்குள் எச்சரிக்கை அனுப்பப்பட்டது. பழைய பதிப்பு எங்காவது இருக்கிறதா என்று தேடும் ஸ்கேனும் அதே மாதம் ஓடியது. அந்த ஸ்கேன் ஓட்டையுள்ள சர்வரைக் கண்டுபிடிக்கவில்லை. அதாவது, சோதனை நடந்தது, ‘இல்லை’ என்று பதில் வந்தது, பதில் தவறு. மே மாதத்தில் நுழைந்தவர்கள் ஜூலை இறுதி வரை உள்ளேயே இருந்தார்கள், ஏறத்தாழ 14.7 கோடிப் பேருடைய தகவல்கள் போயின. போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவி ஒன்றின் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்ததால் அந்தக் கருவியும் எதையும் பார்க்காமல் சும்மா இருந்தது.

அப்படியானால் வந்ததை வந்த கையோடு நிறுவிவிடலாமா என்றால், அதற்கு எதிரான சாட்சியும் இருக்கிறது. 2024-இல் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று வைக்கப்பட்டது. எஸ்எஸ்எச் இணைப்பு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து அதைத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியாளர் மார்ச் 29 அன்று வெளிப்படுத்தினார். அதில் கவனிக்க வேண்டியது, தீய நிரலை உயிர்ப்பிக்கும் கட்டமைப்புக் கோப்பு கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீடாகத் தரப்பட்ட டார் கோப்பில் (தொகுப்புக் கோப்பில்) மட்டுமே இருந்தது என்பதே. களஞ்சியத்தைப் படித்துப் பார்த்துத் திருப்தியடைந்துவிட்டு டார் கோப்பை நிறுவுபவர், பார்த்தது ஒன்றும் நிறுவியது ஒன்றுமாக ஆகிறார். சுடச்சுட வாங்கும் சோதனைக் கிளைகள்தான் அன்று மாட்டிக்கொண்டன. டெபியனின் நிலையான வெளியீட்டுக்கு அந்தப் பதிப்புகள் போய்ச் சேரவில்லை.

அதனால்தான் ‘கிட் புல்’ கட்டளையை க்ரானில் போட்டுவிட்டு மறந்துபோகும் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. புல் என்பது விசாரிப்பதையும் மாற்றுவதையும் ஒரே மூச்சில் செய்கிறது. உள்ளூரில் அமைப்புக் கோப்பு ஒன்று திருத்தப்பட்டிருந்தால் பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும். முட்டாமல் போனாலும் தரவுத்தளம் பழையதாகவும் நிரல் புதியதாகவும் ஆகி, திங்கட்கிழமை காலை பில் போட முடியாமல் போகும். விசாரிப்பது தினமும் தானாக நடக்கட்டும். நிறுவுவது, மாற்றக் குறிப்பைப் படித்து, பேக்கப் எடுத்துவைத்து, ஒரு மனிதர் செய்யட்டும். பாதுகாப்புத் திருத்தம் என்று குறிப்பிலேயே இருந்தால் அன்றே செய்ய வேண்டும். மற்றவை ஒரு வாரம் காத்திருக்கலாம்.

தினமும் எந்த நேரத்தில் என்பதும் யோசிக்க வேண்டியதே. எல்லாரும் நள்ளிரவு 12 மணி என்றே எழுதுவதால் அந்த நிமிடத்தில் சர்வர்கள் திணறும். டெபியனின் தானியங்கி விசாரணை காலை 6, மாலை 6 என்று குறிக்கப்பட்டிருந்தாலும், ஒவ்வொரு கணினியும் அதன்மேல் 12 மணி நேரம் வரை தன் விருப்பப்படி தாமதித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். நம் ஸ்கிரிப்ட்டும் தொடங்குமுன் சில நூறு நொடிகள் ஏதோ ஓர் அளவுக்குத் தூங்கி எழலாம்.

கடைசியாக வெற்றிகரமாகக் கேட்டு முடித்த நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைப்பதும், அந்த நேரம் மூன்று நாளுக்கு மேல் பழையதானால் தனியாக ஒரு எச்சரிக்கை அனுப்புவதும் இந்த முழு ஏற்பாட்டில் மிகக் குறைந்த வேலையில் மிக அதிகப் பயன் தருபவை. அந்த இரண்டாவது எச்சரிக்கையை முதல் ஸ்கிரிப்ட்டே அனுப்பும்படி வைக்கக் கூடாது. அது செத்துப்போனால் சொல்வதற்கு ஆள் இருக்காது. வேறொரு கணினியில் ஓடும் சிறு நிரல் அதைப் பார்க்கட்டும். எச்சரிக்கை போய்ச் சேரும் மின்னஞ்சலும் நிறுவிக் கொடுத்த பையனுடையதாக இருக்க வேண்டாம். அவர் அடுத்த ஆண்டு வேலை மாறி ஹைதராபாத்துக்கோ சென்னைக்கோ போய்விடுவார்; அலுவலகத்தில் தினமும் கணக்கு பார்ப்பவர் திறக்கும் பொது மின்னஞ்சல் ஒன்று இருந்தால் அதைக் கொடுப்பதே சரி.